‘ஆய்வில் தெரிய வந்துள்ளது’ என்றால் என்னதான் அர்த்தம்?

எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று ஆராய்ச்சி முடிவுகள் வந்து விழும். காலையில், ஏதோ ஒரு விதையை ஊறவைத்துக் குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்று ஒன்று. மதியம், பரதநாட்டியத்துக்கு வயது ஐயாயிரம் என்று இன்னொன்று. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சென்னையைப் பற்றி யாருக்கும் தெரியாத ரகசியம். மூன்றுக்கும் முத்தாய்ப்பு ஒன்றுதான்: “ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது.” இரண்டாம் மாடி சார் உடனே கட்டைவிரலைத் தூக்குவார். எதிர்வீட்டு அம்மா, “இவங்க இன்னிக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு மாத்திச் சொல்லுவாங்க” என்று எழுதுவார். அதற்கும் அதே சார் கட்டைவிரலைத் தூக்குவார்.

நான் ஆய்வாளன் இல்லை. திருவல்லிக்கேணியில் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டு போட்டுத் தரும் கடைகளுக்கு இருபது வருடமாக மெய்ப்புத் திருத்துகிறவன். வரலாறு, இசை, தமிழ், செவிலியர் கல்வி என்று எல்லாம் கைக்கு வரும். பாதி புரியாது. ஆனால் ஒற்றுப்பிழை தேடித் தேடிப் படித்ததில் ஒன்று பிடிபட்டது. நல்ல ஆய்வேடு எது, சோற்றில் கல் எது என்று முடிவைப் பார்த்துச் சொல்ல முடியாது. எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுதியிருக்கும் பக்கங்களைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அந்தப் பக்கங்கள்தான் ஆய்வு. முடிவு அதன் கடைசி வரி, அவ்வளவுதான். ஃபார்வர்டில் வருவதோ அந்தக் கடைசி வரி மட்டும்.

வரலாறு, மருத்துவம், கலை என்ற மூன்று துறைகளிலும் அந்தப் பக்கங்களில் என்ன நடக்கிறது என்பதை, துறைக்காரர் அல்லாதவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

மனை வாங்கியவருக்கு இது ஏற்கெனவே தெரியும்

கேளம்பாக்கம் பக்கம் ஒரு கிரவுண்டு விலைக்கு வருகிறது. தரகர் சொல்கிறார்: “சார், கிளியர் டைட்டில், மூணு தலைமுறையா அவங்க சொத்துதான்.” நாம் என்ன செய்வோம்? தலையாட்டிவிட்டு, தாய்ப்பத்திரத்தைக் கேட்போம். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரத்தில் இருக்கும் நாலு எல்லையும் நேரில் பொருந்துகிறதா என்று பார்ப்போம். பிறகு எல்லாவற்றையும் ஒரு வக்கீலிடம் கொடுத்துக் கருத்து கேட்போம்.

தரகர் பொய் சொல்கிறார் என்பதால் அல்ல. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது என்பது மட்டும் போதாது.

தாய்ப்பத்திரம் மாதிரி, சம்பவம் நடந்த காலத்திலேயே, அதில் தொடர்புள்ளவர்களிடமிருந்து உருவான சான்றுக்கு ஆய்வில் முதன்மைச் சான்று என்று பெயர். கல்வெட்டு, கடிதம், கணக்கு நோட்டு, மருத்துவமனைப் பதிவேடு, ஒரு கச்சேரியின் பழைய ஒலிப்பதிவு எல்லாம் இதில் சேரும். அதைப் படித்துவிட்டுப் பின்னால் வந்தவர் எழுதியது இரண்டாம் நிலைச் சான்று. தரகர் இரண்டாம் நிலை. பாடப்புத்தகமும் இரண்டாம் நிலைதான். இந்தக் கட்டுரையைக் கேட்டால் மூன்றாம் நிலை என்பேன்.

முதன்மைச் சான்று என்றாலே உண்மை என்று நினைத்துவிடக் கூடாது. போலிப் பத்திரமும் பத்திரம் மாதிரியேதான் இருக்கும். அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

சென்னைக்கு எப்போது பிறந்தநாள்?

ஆகஸ்ட் 22 வந்தால் ஊரே மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறது. 2004இல் தொடங்கிய பழக்கம். 1639ஆம் ஆண்டு அந்தத் தேதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேவுக்குத் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் கடற்கரையோரமாக ஒரு துண்டு நிலத்தை வழங்கினார் என்பது கணக்கு.

ஆனால் சில பதிவுகளில் தேதி ஜூலை 22 என்று இருக்கிறது. ஒரு மாதம் முந்தி. இப்போது என்ன செய்வது? எழுத்தில் இருப்பதை அப்படியே ஏற்றுக்கொள்வதா?

வரலாற்றாய்வாளர் இங்கே இன்னொரு ஆவணத்தைப் பக்கத்தில் வைக்கிறார். பிரான்சிஸ் டேயின் கப்பல் மதராசப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்ததே 1639 ஜூலை 27 அன்றுதான். ஆள் வந்து இறங்குவதற்கு ஐந்து நாள் முன்னாலேயே கையில் சாசனம் வாங்கியிருக்க முடியாது. ஆகவே மாதத்தைக் குறித்ததில் எங்கோ பிழை நேர்ந்திருக்க வேண்டும், ஆகஸ்ட் 22தான் பொருந்தும் என்று முடிவு கட்டுகிறார்கள்.

கவனியுங்கள், ‘ஆகஸ்ட் 22’ என்று தெளிவாக எழுதிய ஏதோ ஒரு பொக்கிஷக் காகிதம் பெட்டிக்குள்ளிருந்து கிடைத்து இந்த முடிவு வரவில்லை. ஒன்றோடு ஒன்று தொடர்பில்லாத இரண்டு பதிவுகளை மோதவிட்டுப் பார்த்ததில் வந்தது. இதற்குத் துறையில் சான்று ஒப்பீடு என்பார்கள். நாம் வில்லங்கச் சான்றையும் பத்திரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போலத்தான். ‘பொருந்தும்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். வரலாற்றில் இதைவிட உறுதியான சொல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அது பலவீனம் என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் சொல்வேன் என்கிற நாணயம் அது.

சரி, அப்படியானால் சென்னை 1639இல் பிறந்ததா? இதைச் சொன்னால் மயிலாப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், நியாயமாகவே. திருஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே ‘மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை’ என்று பாடிவிட்டார். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கம்பெனி வாங்கிய துண்டு நிலத்துக்கு மதராசப்பட்டினம் என்ற பெயரே அதற்கு முன்னாலிருந்து வருவது. 1639 என்பது கோட்டை வந்த கதையின் தேதி. ஊர்கள் இருந்த கதைக்கு வேறு தேதி. கேள்வி மாறினால் விடை மாறும். ‘சென்னைக்கு வயது என்ன’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட்டு, விடை சொன்னவர்கள் சண்டை போடுவதைப் பார்த்து ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று சொல்வது சரியில்லை.

இதுவரை சொன்னது: வரலாற்றாய்வு என்பது பழைய காகிதம் தேடுவது மட்டும் இல்லை. கிடைத்த காகிதத்தை, அதைச் சாராத வேறொன்றோடு ஒப்பிடுவது. அதற்கும் முன்னால், கேள்வியைக் கூர்மையாகக் கேட்பது.

எரியா, ஏரியா?

ஒப்பிடுவது என்றால் எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு உ.வே.சாமிநாதையரைவிட நல்ல உதாரணம் தமிழில் கிடையாது. அவரைப் பற்றி மேடையில் சொல்லும்போது, கரையான் தின்ற ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அலைந்தது பாதி வேலைதான். மீதிப் பாதி, கிடைத்த ஏடுகளை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பது.

ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். அந்தக் கால வழக்கப்படி எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு புள்ளிதான். புள்ளி போய்விட்டால் ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்று. நெருப்பா, நீர்நிலையா என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். ஆக, ‘பர’ என்பதும் ‘பா’ என்பதும் கண்ணுக்கு ஒன்றே. போதாக்குறைக்கு, ஒரு ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏடு எழுதியவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டிருப்பார்.

ஒரே பாட்டு ஒவ்வொரு சுவடியில் ஒவ்வொரு மாதிரி இருப்பதைத்தான் பாடபேதம் என்கிறோம். உ.வே.சா. பல சுவடிகளைச் சேர்த்துவைத்து, பேதங்களைக் குறித்து, உரை என்ன சொல்கிறது, யாப்பு எதை அனுமதிக்கிறது, வேறு நூல்களில் அந்தச் சொல் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சீவக சிந்தாமணி சமண நூல். அதன் கருத்துகள் விளங்கவில்லை என்றதும் கும்பகோணத்தில் இருந்த சமணக் குடும்பங்களிடமே போய்க் கேட்டுப் படித்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. அவர் பெயரில் பெசன்ட் நகரில் இருக்கும் நூலகத்தில் சுவடிகள் இன்றும் இருக்கின்றன. நாளைக்கு ஒருவர், ‘இந்த இடத்தில் ஐயர் தேர்ந்தது சரியில்லை’ என்று சொல்ல விரும்பினால் போய்ப் பார்த்துச் சொல்லலாம். அப்படிச் சொல்ல இடம்விட்டுப் போனார் என்பதுதான் அவரை வெறும் சேகரிப்பாளரிடமிருந்து பிரிக்கிறது.

மருத்துவம்: இரண்டு பாத்திரம் மாவு

இப்போது வேறு சமையலறைக்குப் போகலாம்.

இட்லி மாவைக் கையால் கலந்தால்தான் நன்றாகப் பொங்கும், கரண்டியால் கலந்தால் பொங்காது என்பது எங்கள் வீட்டு அம்மாளின் சித்தாந்தம். “போன வாரம் கரண்டியில கலந்தேன், பொங்கல. நேத்து கையால கலந்தேன், மூடியைத் தள்ளிட்டு வந்துச்சு பாருங்க.” ஆதாரம் கண்ணெதிரே வழிகிறது. மறுக்க முடியுமா?

முடியும். போன வாரம் மழை. நேற்று வெயில். உளுந்து புதுசு. அரைத்த நேரம் வேறு. இத்தனையும் மாறியிருக்கும்போது, மாவு பொங்கியதற்குக் கைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? நேர்மையாகப் பார்க்க வேண்டுமானால் ஒரே நாள், ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றைக் கையாலும் மற்றதைக் கரண்டியாலும் கலந்து வைக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வின் உயிர்நாடி இந்த இரண்டாவது பாத்திரம். அதற்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர். புது மருந்து பெறாமல், மற்ற எல்லா வகையிலும் அதே நிலையில் இருக்கும் ஆட்கள். விதையை ஊறவைத்துக் குடித்த மாமாவுக்குச் சர்க்கரை குறைந்தது என்றால், அவர் அதே மாதத்தில் நடைப்பயிற்சி ஆரம்பித்தாரா, இனிப்பை நிறுத்தினாரா, டாக்டர் மாத்திரையைக் கூட்டினாரா என்று தெரியாது. இன்னொன்றும் உண்டு. சர்க்கரை உச்சத்துக்குப் போனபோதுதான் மாமா பயந்துபோய் விதையைத் தேடினார். உச்சத்தில் இருப்பது தானாகவே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இரண்டாவது பாத்திரம் இல்லாமல் இதையெல்லாம் பிரிக்க வழியே இல்லை.

அடுத்தது, யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று யார் முடிவு செய்வது? டாக்டர் முடிவு செய்தால், தெம்பாக இருப்பவர்களுக்கே புது மருந்து போய்ச் சேரலாம், அவருக்கே தெரியாமல். ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். இது தற்செயல் ஒதுக்கீடு. சோழர் காலத்து ஊர்ச்சபைக்கு ஓலைச்சீட்டு எடுத்து ஆள் தேர்ந்த குடவோலை முறை மாதிரி, யாருடைய விருப்பமும் நுழைய முடியாது. மூன்றாவது, தனக்குக் கிடைத்தது மருந்தா, மருந்து மாதிரியே தோன்றும் வெறும் மாத்திரையா என்று நோயாளிக்கும், முடிந்தால் டாக்டருக்கும் தெரியாமல் வைப்பது. இது மறைப்பு. காபிப் பொடி விளம்பரத்தில் டபராவை மாற்றி மாற்றிக் கொடுப்பார்களே, அதே யுக்தி.

இதில் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கும் முறை முழு உருவம் பெற்றது 1948இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து. போருக்குப் பிந்தைய பஞ்ச காலம், எல்லாருக்கும் கொடுக்க மருந்து போதாது. 107 நோயாளிகளைப் பிரித்தார்கள். யார் எந்தப் பக்கம் என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருந்து பெற்ற பலரின் உடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகிவிட்டன. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து, சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற பாடமும் இதே ஆய்வின் தொடர்ச்சியிலிருந்து வந்தது.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் மருந்து பெறாதவர்களுக்குத் தாங்கள் ஒரு ஆய்வில் இருக்கிறோம் என்பதே தெரியாது. இன்று அப்படிச் செய்ய முடியாது. எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, சம்மதம் எழுதி வாங்க வேண்டும். அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். இந்தியாவில் 2009 முதல், மருந்து ஆய்வுகளைத் தொடங்கும் முன்பே அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் ஆய்வையே மறைத்துவிடுகிற பழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம்.

சேத்துப்பட்டும் சானடோரியமும்

மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தின நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். ஏறி இறங்குகிறவர்களில் பாதிப் பேர் அது ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைக்கிறார்கள். காசநோயாளிகளைத் தனியே வைத்துப் பார்த்த மருத்துவமனை 1928இல் அங்கே வந்தது. அந்தக் காலத்து நம்பிக்கை இதுதான்: நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு, வீட்டாரிடமிருந்து விலகல். இவை இல்லாமல் காசம் குணமாகாது. உலகம் முழுக்க டாக்டர்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் யானைப்பசிக்குச் சோளப்பொரி.

1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாடு. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வாரிசு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் முன்னின்று நடத்தினார்.

கேள்வி கூர்மையானது. ஒரே மருந்துகளை ஒரு வருடம் கொடுத்தால், சானடோரியத்தில் இருப்பவருக்கும் வீட்டிலேயே இருப்பவருக்கும் குணமாவதில் வித்தியாசம் உண்டா? நகரத்தின் ஏழை நோயாளிகள் இருநூறு பேர் அளவில் எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மருத்துவமனைப் படுக்கை, நல்ல சாப்பாடு, செவிலியர். மறு பாதி நெரிசலான வீட்டுக்கே திரும்பிப் போனது. சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. மருந்தைச் சாப்பிட்டார்களா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் விசாரிப்பது எல்லாம் உண்டு. அதாவது, “சாப்பிட்டேன் டாக்டர்” என்ற வாய்வார்த்தையும் தரகர் சொல்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1959இல் முடிவு வெளியானது. இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் நோயாளி இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. மருந்துதான் வேலை செய்தது. காற்றும் கட்டிலும் பாலும் முட்டையும் நாம் நினைத்த அளவுக்கு இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாவதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். சென்னைக்காரர்கள் பெருமைப்பட எத்தனையோ சில்லறைச் சமாச்சாரங்களை ஃபார்வர்டு செய்கிறோம். இதை ஒருவரும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

இதன் சாரம்: மருத்துவத்தில் ‘எனக்குக் குணமானது’ என்பது கேள்விக்கு ஆரம்பம். விடைக்கு, குணமாக்கியது எது என்று பிரித்துக் காட்டும் ஒப்பீடு தேவை.

கலையில் என்ன ஆராய்ச்சி?

“டான்ஸுல என்ன சார் ரிசர்ச்?” என்று தட்டச்சுக் கடையிலேயே கேட்பார்கள். ரசனையைப் பற்றி எழுதுவது ஆய்வு என்று ஒரு தப்பான எண்ணம். இந்தக் கச்சேரி பிரமாதம் என்பது விமர்சனம். அது அவசியம்தான், ஆனால் ஆய்வு வேறு. இந்தப் பாட்டு இப்படிப் பாடப்படுவது எப்போதிலிருந்து, யார் வழியாக வந்தது என்று கேட்டு, சான்றோடு விடை தேடினால் அது ஆய்வு.

சங்கீதக்காரர்களிடம் பாடாந்தரம் என்று ஒரு சொல் உண்டு. ஒரே கிருதியை ஒரு குரு பரம்பரையில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் பாடுவார்கள். சுவடியில் பாடபேதம், தொண்டையில் பாடாந்தரம். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பழைய இசைத்தட்டு, சுரப்படுத்திய நோட்டுப் புத்தகம், மூத்த வித்வான்களின் நினைவு ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து, எது எங்கே பிரிந்தது என்று பார்ப்பார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. சுவடியில் ஒன்றைச் சரி என்றால் மற்றது பிழையாக இருக்கக்கூடும். பாட்டில் இரண்டும் சரியாக இருக்கலாம். டிசம்பரில் மியூசிக் அகாடமியின் காலை நேர விளக்க உரைகளில் இதற்காகவே அனல் பறக்கும். மாலைக் கச்சேரியைவிட எனக்கு அதுதான் சுவாரசியம். கேன்டீனும் அந்த நேரத்தில் கூட்டமில்லாமல் இருக்கும்.

இப்போது அந்த ஐயாயிரம் வயதுக்கு வருவோம். பரதநாட்டியத்தின் வயது என்ன? சென்னையின் வயது மாதிரியேதான், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பரதநாட்டியம் என்ற பெயர் மேடையில் நிலைபெற்றது 1930களில். அதற்கு முன் சதிர் என்றார்கள். இன்று அரங்கேற்றத்தில் பார்க்கும் வரிசை, அதாவது அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற கட்டமைப்பு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களின் கையில் உருப்பெற்றது. கோயிலில் ஆடிய பெண்கள் என்று கேட்டால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ராஜராஜன் காலத்தில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர், வீட்டு எண் உட்படக் குறித்து வைத்திருக்கிறது. நாட்டிய அரங்கேற்றம் என்று கேட்டால் மாதவி சிலப்பதிகாரத்திலேயே ஆடிவிட்டாள்.

இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கட்டி ‘இடையறாத ஐயாயிரம் ஆண்டு’ என்பது எளிது. ஒவ்வொரு கண்ணிக்கும் இடையே என்ன மாறியது என்று கேட்பது கடினம். கேட்டால் அசௌகரியமான இடங்களுக்கும் போக வேண்டியிருக்கும். பரம்பரையாக ஆடிய குடும்பங்களிடமிருந்து அந்தக் கலை எப்படி வேறு கைகளுக்கு மாறியது, 1947இன் தேவதாசி ஒழிப்புச் சட்டம் அந்தப் பெண்களின் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதெல்லாம் ஆவணத்தில் மட்டும் கிடைக்காது. அந்தக் குடும்பத்துப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். நினைவு தவறும், உண்மைதான். எழுதிவைத்த பதிவும் தவறும் என்று மேலே சென்னைத் தேதியில் பார்த்தோம்.

வெண்கலத்துக்கும் வில்லங்கச் சான்று

கலைப்பொருளுக்கு வந்தால் மனைக்கதை அப்படியே திரும்புகிறது. ஒரு சிலை செய்யப்பட்ட இடத்திலிருந்து இன்று இருக்கும் இடம் வரை யார் யார் கையில் இருந்தது என்ற தொடர்ச்சிக்குக் கைமாறிய வரலாறு என்று சொல்லலாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசரை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் பல கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. விற்றவர் பத்திரமெல்லாம் பக்காவாகக் கொடுத்திருந்தார். மாட்டிவிட்டது புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படத் தொகுப்பு. பல ஆண்டுகளுக்கு முன்பு கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்களில் அந்த நடராசர் தன் ஊரிலேயே நிற்கிறார். 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. படம் எடுத்தவர்கள் திருடனைப் பிடிக்க எடுக்கவில்லை. வரிசையாகப் பதிந்து வைப்பது அவர்கள் வேலை, அவ்வளவுதான்.

சில நேரம் சிலையின் உலோகமே பத்திரம் ஆகிறது. வெண்கலத்தில் கலந்திருக்கும் ஈயம், எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதற்குக் கைரேகை மாதிரி ஒரு அடையாளத்தைச் சுமந்திருக்கும். சாரதா ஸ்ரீனிவாசன் தென்னிந்திய வெண்கலச் சிலைகளை இப்படி ஆராய்ந்து, சோழர் காலத்தவை என்று கருதப்பட்ட நடராசர் சிலைகளில் சில பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்று வாதிட்டார். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். எதிரே இருப்பது கலை, கேட்கும் கேள்வி வரலாறு, விடை தேடும் கருவி வேதியியல்.

அச்சில் வந்துவிட்டால் சரிதானே?

ஆய்வு முடிந்ததும் கட்டுரையாக்கி ஒரு இதழுக்கு அனுப்புவார்கள். இதழ் அதை அதே துறையைச் சேர்ந்த, தொடர்பில்லாத சிலரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும். இது சக மதிப்பீடு. வக்கீல் பத்திரத்தைப் பார்த்து ‘எனக்குத் தெரிந்த வரை குறையில்லை’ என்று எழுதித் தருவது மாதிரி. நல்ல வடிகட்டிதான். ஆனால் வீடு ஒழுகாது என்பதற்கு வக்கீல் பொறுப்பில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட ஒரு கட்டுரை, 12 குழந்தைகளை மட்டும் வைத்து, 1998இல் லான்செட் என்ற பெரிய இதழிலேயே வந்தது. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் பரவிய பயம் மட்டும் திரும்பப் போகவில்லை.

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் உண்டு. ஒருமுறை ஒரு மாணவர் தன் கட்டுரை ‘சர்வதேச இதழில்’ ஐந்தே நாளில் ஏற்கப்பட்டதாகச் சந்தோஷமாகக் காட்டினார். நான் திருத்திக் கொடுத்த பிரதிகூட இல்லை அது. ‘நோயாளிகள்’ என்பது நாலு இடத்தில் ‘நோயளிகள்’ என்றே அச்சாகியிருந்தது. நோய் அளித்தவர்களாம்.

மாற்றிச் சொல்வது குற்றமா?

எதிர்வீட்டு அம்மாவின் புகாருக்கு ஒரு கல்லைக் காட்டலாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் ஆதிமனிதனின் கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. மிகப் பழையவை என்று தெரிந்தது. எவ்வளவு பழையவை என்று அளக்க அன்றைக்கு வழியில்லை. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் விட்டுச்செல்லும் தடத்தை அளந்து, அது எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று கணக்கிடும் முறை பின்னால் வந்தது. 2011இல் வெளியான ஆய்வு, அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்றது. கல் மாறவில்லை, கேட்டவர்கள் கையில் இருந்த அளவுகோல் மாறியது. முன்பு சொன்னதை எதற்காக மாற்றுகிறோம் என்று காரணத்தையும் கூடவே எழுதிவைத்தார்கள் என்றால் அந்த மாற்றத்தை நம்பலாம். காரணம் சொல்லாமல் மாற்றினால் அம்மா சொல்வது சரி.

இதையெல்லாம் குழுவில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் வீட்டிலேயே ஆரம்பித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்தோம். எந்தப் பாத்திரம் கைக்கு, எது கரண்டிக்கு என்று சீட்டுப் போட்டோம். காலையில் பார்த்தால் கையால் கலந்தது இரண்டு விரற்கடை கூடுதலாகப் பொங்கியிருந்தது. எங்கள் வீட்டு அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, இட்லித் தட்டை எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பாத்திரங்களைப் பார்த்தேன். கைப் பாத்திரம் அடுப்புப் பக்கம் இருந்தது, கரண்டிப் பாத்திரம் ஜன்னல் பக்கம். வருகிற ஞாயிறு இடம் மாற்றி வைப்பதாக ஒப்பந்தம்.